ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டப் போகிறீர்களா? கொஞ்சம் கீழே இறக்குங்கள்

புது வீட்டுக்கு வயரிங் போடும்போது எலெக்ட்ரீஷியன் "ஸ்பீக்கர் பாயின்ட் எங்க சார் வேணும்?" என்று கேட்டால் பாதிப் பேர் கை காட்டுகிற இடம் சுவர் மூலை, கூரைக்கு ஒரு சாண் கீழே. கண்ணை உறுத்தாது, குழந்தைகள் கைக்கு எட்டாது, ஒட்டடை அடிக்கும்போது மட்டும் ஞாபகம் வரும். ஹோட்டலிலும் துணிக்கடையிலும் அங்கேதான் மாட்டியிருக்கிறார்கள் என்பதால் அதுதான் முறை என்று ஆகிவிட்டது. கடைக்காரருக்கு வருகிறவர் போகிறவர் எல்லோர் காதிலும் ஏதோ ஒரு பாட்டு விழுந்தால் போதும். உங்களுக்கு வேண்டியது சோபாவில் உட்கார்ந்தால் பாடுகிறவர் டிவிக்குப் பக்கத்தில் இருந்து பாடுவது. அதற்கு அந்த மூலை ஆகாது.

ஏன் என்றால், ஸ்பீக்கருக்குள் இருக்கும் பெரிய வட்டமான வூஃபரிலிருந்து வரும் தாழ்ந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவி எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். சின்ன ட்வீட்டர் அப்படி இல்லை. ஜால்ரா, வயலின் வில்லின் உரசல், பாடகர் 'ஸ' சொல்லும்போது வரும் காற்று எல்லாம் அதிலிருந்து டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகும். எட்டடி உயரத்தில் மாட்டினால் அந்த வெளிச்சம் உங்கள் தலைக்கு மேலே போய் எதிர்ச்சுவரில் அடித்துத் திரும்புகிறது. வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவோம், உடனே சண்டைக்காட்சி வந்து பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

எனவே ட்ரில்லை எடுப்பதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமாக உட்காருவது மாதிரியே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தரையிலிருந்து காது வரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். சோபா என்றால் மூன்றடியிலிருந்து மூன்றரை அடி வரும். ட்வீட்டர் அந்த உயரத்தில் இருக்க வேண்டும், கவனியுங்கள், பெட்டியின் அடிப்பாகமோ நடுப்பகுதியோ இல்லை, ட்வீட்டர். வீட்டில் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்கள் என்றால் சோபா அளவையே வைத்துக்கொள்ளுங்கள், தரையில் இருப்பவர்களுக்கு அரை அடி, முக்கால் அடி வித்தியாசம் பெரிய நஷ்டம் இல்லை.

டிவி யூனிட் இடிக்கிறது, தவழும் குழந்தை இருக்கிறது என்று காரணம் இருக்கலாம். அப்படியானால் ஐந்தடிக்குள் நிறுத்திக்கொண்டு, முகத்தைக் கீழே சாய்க்கக்கூடிய பிராக்கெட் வாங்குங்கள். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: காது மூன்றேகால் அடி உயரத்தில், ஸ்பீக்கர் ஏழடி உயரத்தில், நீங்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 20 டிகிரி சாய்க்க வேண்டியிருக்கும். மலிவான பிராக்கெட்டுகள் பல அவ்வளவு சாயாது, சாய்ந்தாலும் பாரத்தில் மெல்ல மெல்ல இறங்கிவிடும். ஐந்தடியில் மாட்டினால் அதே தூரத்துக்குப் பத்து டிகிரி போதும்.

அகலத்துக்கு வருவோம். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சேர்ந்து சமபக்க முக்கோணமாக இருந்தால் ஸ்டீரியோ நன்றாக அமையும். ஒன்பதடி தள்ளி உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவே எட்டிலிருந்து ஒன்பதடி. 55 இஞ்ச் டிவியின் இரு காதோடு ஒட்டினாற்போல் மாட்டுகிறவர்கள் உண்டு, அது நான்கடி அகலம்தான், பாட்டு முழுக்க நடுவில் குவிந்துவிடும். அதற்காக மூலைக்கும் தள்ள வேண்டாம். ஒரு சுவரை ஒட்டினாலே தாழ்ந்த ஒலி 6 டெசிபல் வரை கூடும், பக்கச்சுவரும் சேர்ந்துகொண்டால் இன்னும் ஏறி மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் 'கும் கும்' என்று பெட்டிக்குள் அடைத்த மாதிரி ஆகிவிடும். பக்கச்சுவரிலிருந்து இரண்டடியாவது விடுங்கள்.

இன்னும் ஸ்பீக்கர் வாங்கவில்லை என்றால் கடையில் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். காற்றுத் துளை பின்னால் இருந்தால் அது சுவரை ஒட்டி மாட்டச் செய்தது இல்லை. முன்னால் துளை இருப்பதோ, துளையே இல்லாமல் முழுக்க மூடியதோ நல்லது. ஏற்கெனவே பின்துளைப் பெட்டிதான் இருக்கிறது என்றால் விற்றுவிட வேண்டியதில்லை, நாலைந்து அங்குலம் இடைவெளி தரும் பிராக்கெட்டில் மாட்டி, அப்போதும் கும் என்றிருந்தால் துளைக்குள் ஸ்பாஞ்ச் சுருளைச் சொருகிவிடுங்கள். தாழ்ந்த ஒலிக்கென்றே தனியாக ஒரு பெட்டி, அதாவது சப்வூஃபர், இருப்பவர்களுக்கு இதில் இழப்பு ஏதும் தெரியாது.

பின்னால் சாவித்துவாரம் மாதிரி ஒரு பள்ளமோ, ஸ்க்ரூ ஏறுகிற மரையோ இருக்கும். மரை இருந்தால் என்ன அளவு என்று கையேட்டில் பாருங்கள், கால் அங்குலமா, 5 மில்லியா, 6 மில்லியா என்று தெரியாமல் கையில் கிடைத்ததை முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் அந்தப் பெட்டி அலமாரிக்குத்தான். இரண்டுமே இல்லாத பெட்டியில் நீங்களாகத் துளை போடாதீர்கள். பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும் பிராக்கெட் கிடைக்கிறது, இல்லையென்றால் சின்னத் தட்டு அடித்து மேலே வைத்துவிடலாம். பிராக்கெட்டின் தாங்குதிறன் ஸ்பீக்கர் எடையைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும்.

இனி சுவர். வேலை கெட்டுப்போகிற இடம் இதுதான்.

முதலில் எங்கே துளை போடக்கூடாது என்பதை முடிவு செய்யுங்கள். நம் வீடுகளில் வயர் சுவருக்குள் பதித்த பிவிசி பைப்பில் ஓடுகிறது, பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலே கூரை வரை போகும். எனவே எந்தச் சுவிட்ச் போர்டுக்கும் பிளக் பாயின்டுக்கும் நேர் மேலோ நேர் கீழோ, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாயின்டுக்கு நடுவிலோ ட்ரில் வைக்காதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையா சமையலறையா என்றும் பாருங்கள், தண்ணீர்க் குழாய் இருக்கும். வயர் கண்டுபிடிக்கும் கருவி இருந்தால் ஓட்டிப் பாருங்கள், அது ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் மெயின் பெட்டியில் அந்தச் சுவருக்கான எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, ட்ரில்லுக்கு வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

குறிப்பதற்குத் தரையை நம்பாதீர்கள். கழுவிவிட்டால் தண்ணீர் வடியட்டும் என்று பல ஹால்களில் தரையை வாசல் பக்கமோ பால்கனி பக்கமோ வாட்டமாகப் போட்டிருப்பார்கள், இரு பக்கமும் தரையிலிருந்து அளந்து மாட்டினால் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நிற்கும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர் ட்யூப் இதற்கு அருமையானது: தெளிவான ட்யூபில் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை இடது குறியில் பிடித்தால், மறுமுனையில் தண்ணீர் நிற்கும் கோடுதான் வலது குறி. எட்டடி தூரத்துக்குச் சின்ன ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதைவிட இது சரியாக வரும். பிராக்கெட் துளைகளுக்கு ஒரு தாளை ஸ்பீக்கரின் பின்பக்கம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பள்ளங்கள் அப்படியே பதிந்துவிடும், அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி அதன் மேலேயே துளை போடலாம்.

துளைக்குக் கீழே பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரை வாய் திறந்தபடி டேப் போட்டு ஒட்டுங்கள். தூள் தரையில் கொட்டாது என்பது ஒரு லாபம், சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை அந்தத் தூளே சொல்லிவிடும் என்பது பெரிய லாபம். முதல் அரை அங்குலம், முக்கால் அங்குலம் சாம்பலும் வெள்ளையுமாக வருவது பட்டி, பெயின்ட், சிமென்ட் பூச்சு. அதன்பின் சிவப்பு வந்தால் செங்கல், நிம்மதி. சாம்பல் நிறமே தொடர்ந்து, பிட் உள்ளே போக மறுத்துக் கத்தினால் கான்கிரீட் தூணிலோ பீமிலோ இருக்கிறீர்கள். அங்கே சாதாரண ஹேமர் ட்ரில் திணறும், ரோட்டரி ஹேமர் வாடகைக்கு எடுங்கள், கம்பி தட்டுப்பட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். வெளுத்த மாவு மாதிரி தூள் கொட்டி, பிட் வெண்ணெயில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் அது ஏஏசி பிளாக், அதாவது காற்றுக்குமிழ் நிறைந்த லேசான சிமென்ட் கல், புது அடுக்குமாடிகளில் இதுதான் நிறைய. இதில் ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுற்றலில் துளை போட வேண்டும், அதற்கென்றே உள்ள பிளக் வாங்க வேண்டும், சாதாரண பிளக் இன்று நிற்கும், சில மாதத்தில் தொளதொளவென்று ஆடும். திடீரென்று பிட் உள்ளே விழுந்துவிட்டால் ஹாலோ பிளாக்கின் வெற்றிடம். இரண்டு அங்குலம் தள்ளினால் கெட்டியான இடம் கிடைக்கலாம், கிடைக்காவிட்டால் உள்ளே போய் விரிகிற டாகிள் போல்ட் போடுங்கள். ஜிப்சம் பலகைக்கும் அதேதான், ஆனால் நாலு கிலோவுக்கு மேல் உள்ளதை ஜிப்சத்தில் மட்டும் நம்பி நான் தொங்கவிட மாட்டேன், பின்னால் சட்டம் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பேன்.

செங்கல் சுவருக்கு 8 மில்லி பிளக், பூச்சைத் தாண்டிப் பிளக்கின் கடைசி வரை எட்டுகிற நீளத்தில் ஸ்க்ரூ. பிராக்கெட்டோடு இலவசமாக வரும் குட்டி பிளக்கைத் தூரப் போடுங்கள், அது பூச்சைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும், பூச்சு பாரம் தாங்காது. பிளக் முழுதும் செங்கலுக்குள் இருக்க வேண்டும், வெளி விளிம்பு பூச்சோடு நின்றால் இறுக்கும்போது பூச்சு விரிசல் விட்டுக் கையளவு பெயர்ந்து வரும். பிட்டில் தேவையான ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், பிளக் நீளத்தோடு ஒரு சென்டிமீட்டர் கூட்டி, பூச்சின் கனத்தையும் சேர்த்து. முதலில் 6 மில்லி பிட்டில் ஹேமர் இல்லாமல் மெதுவாகத் தொடங்கி, அப்புறம் 8-க்கு மாறினால் துளை இடம் நகராது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஸ்ட்ராவாலோ சைக்கிள் பம்பாலோ ஊதி எடுக்காமல் பிளக்கைத் தட்டினால் அது தூளோடு சேர்ந்து சுற்றும், பிடிக்காது. பழைய ஆட்கள் மரக்கட்டையைச் செதுக்கி அடிப்பார்கள், காய்ந்து சுருங்கினால் தளர்ந்துவிடும், கரையானும் வரும். துளை பெரிதாகிவிட்டது என்று தீக்குச்சியைச் சொருகுவது காலண்டருக்குச் சரி, ஐந்து கிலோ ஸ்பீக்கருக்குப் போதாது, பத்து மில்லிக்கு ஏறிப் புது பிளக் போடுங்கள்.

வாடகை வீடு என்றால் துளைக்கு முன் ஓனரிடம் ஒரு வார்த்தை. காலி செய்யும்போது பட்டி வைத்து அடைத்துக்கொள்ளலாம், ஆனால் அட்வான்ஸில் கைவைக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

வயரைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையக் கதை சொல்வார்கள், நம்ப வேண்டியது கொஞ்சம்தான். தடிமன் முக்கியம், அசல் செம்பா என்பது முக்கியம், மற்றதெல்லாம் விலைக்கான பேச்சு. 1.5 சதுர மி.மீ செம்பு வயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.013 ஓம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் போக வர இருபது மீட்டர், 0.26 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது மூன்று சதவீதம், கவலையில்லை. 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஆறு சதவீதத்தைத் தாண்டும், அதற்கு 2.5 சதுர மி.மீ எடுங்கள். ஐந்து சதவீதத்துக்குள் நிறுத்துவது நடைமுறை. விலை குறைவாகத் தெரிந்தால் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம், நாலு தடவை மடக்கினால் ஒடிந்துவிடும். இடது வலது இரண்டுக்கும் ஒரே நீளம் வெட்ட வேண்டும் என்பதெல்லாம் தேவையில்லை.

வீடு கட்டிக்கொண்டிருந்தால் சுவரில் காடி வெட்டும்போதே ஸ்பீக்கருக்குத் தனியாக ஒரு பைப் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிறையும் விட்டுவையுங்கள். கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே ஸ்பீக்கர் வயரையும் சேர்த்து இழுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹம் சத்தம் வரலாம் என்பது சின்ன விஷயம், எங்காவது இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் ஆம்ப்ளிஃபயருக்குள் வந்துவிடும். ஒரு அடியாவது தள்ளிப் போகட்டும், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். கட்டி முடித்த வீட்டில் கேசிங் பட்டைதான் வழி, ஸ்கர்ட்டிங் டைல்ஸ் மேலேயே ஓட்டி ஸ்பீக்கருக்கு நேர் கீழே மட்டும் மேலே ஏற்றி, சுவர்ப் பெயின்டையே அதன் மேலும் அடித்துவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஸ்பீக்கரைத் தொங்கவிடுவதற்கு முன்பே வயரை மாட்டிவிடுங்கள், அப்புறம் கை நுழையாது. ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கட்டும். முனையில் ஒரு சென்டிமீட்டர் உரித்து, இழைகளை இறுக்கமாக முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்காதபடி சொருகுங்கள். நீட்டிய இழை பக்கத்து முனையைத் தொட்டால் ஷார்ட், ஆம்ப்ளிஃபயர் 'புரொடெக்ட்' காட்டி நின்றுவிடும். பிளஸ் பிளஸுக்கு, மைனஸ் மைனஸுக்கு. ஒரு பக்கம் மாறிவிட்டால் எதுவும் எரியாது, ஆனால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, காணாமல் போகும், பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சுவருக்குள் போன வயரில் எது எந்த முனை என்று குழப்பமானால், ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய முனைகளில் ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். வூஃபர் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ், உள்ளே போனால் தலைகீழ். சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் உள்ள ஆக்டிவ், ப்ளூடூத் ரகங்களில் இதைச் செய்யாதீர்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்டும் தேவைப்படும் என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் பெட்டியைக் கையால் லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள், பிளக் நகர்ந்தால் இப்போதே தெரியட்டும். கட்டிலுக்கோ சோபாவுக்கோ மேலே தொங்குவது என்றால் ஒரு மெல்லிய ஸ்டீல் கயிற்றைப் பெட்டியிலிருந்து தனி ஸ்க்ரூ ஒன்றுக்குக் கட்டிவையுங்கள்.

5.1, அதாவது சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் போடுகிறவர்களுக்கு: பின் ஸ்பீக்கர்கள் மட்டும் காதுக்கு ஓரடி, இரண்டடி மேலே இருக்கலாம், உட்காருமிடத்துக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ. நம் ஹால்களில் சோபா பின்சுவரை ஒட்டியே கிடக்கும், அப்படியானால் தலைக்குப் பின்னால் மாட்டாமல் பக்கச்சுவரில் மாட்டுங்கள். அடுக்குமாடிகளில் ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் டைனிங்குக்குத் திறந்தும் கிடக்கும் ஹால்தான் அதிகம், அங்கே ஒரு பக்கம் நாலடி தூரத்திலும் மறுபக்கம் பதினாலடி தூரத்திலும் மாட்டி ஒப்பேற்றுவதைவிட, நல்ல இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைத்துக்கொள்வது மேல். சென்டர் ஸ்பீக்கரை டிவி யூனிட் பொந்துக்குள் உள்ளே தள்ளாமல் தட்டின் விளிம்புவரை இழுத்து, முகம் காதைப் பார்க்கும்படி அடியில் ரப்பர் முட்டுக் கொடுங்கள். சப்வூஃபர் தரையில்தான், அதைச் சுவரில் ஏற்ற வேண்டாம்.

செட்டிங்குக்கு வந்தால், எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்ப் பெட்டியான ரிசீவரோடு வரும் சின்ன மைக்கை சோபா முதுகில் வைக்காதீர்கள், ட்ரைபாடில் காது உயரத்தில் நிறுத்துங்கள். டெனானில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று பெயர்தான் வேறு, செய்வது ஒன்றுதான்: ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சத்தம் விட்டு தூரத்தையும் அளவையும் கணக்கெடுக்கும். அந்த நேரம் சீலிங் ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், அடுப்பில் குக்கர் இருந்தால் விசில் அடங்கும்வரை பொறுங்கள். வேர்த்தாலும் பரவாயில்லை, ஃபேன் காற்று மைக்கில் பட்டால் கணக்கு கோணலாகும்.

முடிந்தபின் அது போட்ட எண்களை ஒருமுறை பாருங்கள். ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று போட்டிருந்தால் 'ஸ்மால்' என்று மாற்றி, எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், உள்ளங்கை அளவுப் பெட்டிகளுக்கு 100 அல்லது 120. சப்வூஃபர் தூரம் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும், அதற்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் அப்படி வருகிறது, விட்டுவிடுங்கள். மைக் இல்லாத பழைய ரிசீவர் என்றால் தூரத்தை நாடாவால் அளந்து போட்டு, டெஸ்ட் டோன் ஓடவிட்டு, போனில் ஒரு டெசிபல் ஆப்பை வைத்து எல்லா ஸ்பீக்கரும் 75-ஐக் காட்டும்வரை கூட்டிக் குறையுங்கள். போன் காட்டும் எண் அத்தனை துல்லியமாக இருக்காது, ஆனால் நமக்கு வேண்டியது எல்லாம் ஒரே எண்ணாக வருவதுதான்.

இத்தனைக்கும் பிறகு குரல் இன்னும் கலங்கலாக இருந்தால் ஹால் நடுவில் நின்று ஒரு கை தட்டுங்கள். 'ட்ர்ர்' என்று இழுத்தால் குற்றவாளி அறைதான்: வழவழ டைல்ஸ், வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். சோபாவுக்கு முன்னால் ஒரு பவானி ஜமக்காளத்தைக் கனமாக மடித்து விரித்து, ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டாலே பாதி சரியாகும். மீதிக்கு, நீங்கள் சோபாவில் உட்கார்ந்திருக்க வேறொருவர் பக்கச்சுவரை ஒட்டி ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை ட்வீட்டர் உயரத்தில் நகர்த்தட்டும். ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அந்த இடத்தில் ஒரு புத்தக அலமாரியோ துணித்திரையோ வந்தால் போதும்.

ஒரு மாதம் கழித்து ஸ்க்ரூக்களை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள், பேஸ் அதிர்வில் பிராக்கெட்டின் மூட்டுத் திருகு கொஞ்சம் தளர்ந்திருக்கும், அரைச் சுற்று இறுக்கினால் சரி. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போது ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளறையில் வைத்துவிடுங்கள். மேலே பாலிதீன் கவர் போட்டுக்கொள்கிறேன் என்று பெயின்டர் சொல்வார், பட்டி தேய்க்கும் தூள் எந்தக் கவருக்குள்ளும் புகுந்துவிடும்.